நம்பிக்கை இடைவெளி: ஊருக்கும் சேரிக்கும் நடுவே

"தம்பி, உங்க சேரிப் புள்ளியெல்லாம் தனியா வெளிய போய் விழுது. அதை எடுத்துட்டீங்கன்னா இடைவெளி சுருங்கிரும். ஆய்வு பாக்க அழகா இருக்கும்."

ஓர் ஆய்வுக் கூட்டத்தில் என்னிடம் இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. சாதி பார்க்காதவர் என்று பெயர் வாங்கியவர். மேடை ஏறினால் அம்பேத்கர் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அவர் யார், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவரைப் போல நூறு பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்: "எடுத்துட்டீங்கன்னா". சேரியை எடுத்துவிட்டால் ஊர் அழகாக இருக்கும் என்பது இந்த நாட்டுக்குப் புதுச் செய்தியா? மனு எழுதி வைத்ததை இப்போது கம்ப்யூட்டர் வாய் வழியாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். கூடவே நம் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. "புள்ளிவிவரமே ஆதிக்க சாதிகளின் பொய்மூட்டை, நமக்கெதுக்குக் கணக்கு?" என்று கேட்கிற தோழர்களோடு. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எதிரி கையில் கத்தி இருக்கிறது என்பதற்காக நாம் காய்கூட நறுக்கமாட்டோம் என்பது என்ன அரசியல்?

என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரியவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் புள்ளியியல் படித்தேன். உப்பளத்துக்காரி மகனுக்குப் புள்ளியியல் எதற்கு என்று ஊரும் கேட்டது, சேரியும் கேட்டது. கூலியும் கணக்குதான், குறைகூலியும் கணக்குதான் என்று பிறகுதான் எனக்கே விளங்கியது.

முதலில் இந்த 'நம்பிக்கை இடைவெளி' என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பேர் என்னமோ காதல் கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கும். விஷயம் எளிது. ஒரு மாவட்டத்து உப்பளத் தொழிலாளர் எல்லாரிடமும் கூலி கேட்க முடியாது, சிலரிடம் கேட்கிறோம். அந்தச் சிலரை வைத்து எல்லாரையும் பற்றிப் பேசவேண்டும். அப்போது ஒற்றை எண்ணைச் சொல்வது அயோக்கியத்தனம். "இதிலிருந்து இது வரைக்குள் இருக்கும்" என்று ஓர் எல்லை சொல்லவேண்டும். 1934-இல் யெர்சி நேமான் என்ற போலந்துக்காரர் இதற்கு ஒரு முறை சொன்னார். 95 சதவீத இடைவெளி என்றால், இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்து நூறு இடைவெளி போட்டால், ஏறக்குறைய 95-க்குள் உண்மை சிக்கியிருக்கும். கடற்கரையில் வாழ்கிற நமக்கு இது புரியாததா? மீன் ஓரிடத்தில் கிடக்கிறது. வலைதான் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுகிறது. நூறு வலையில் 95-ல் மீன் விழும் என்று சொல்லலாம். இன்றைக்கு வீசின இந்த வலையில் விழுந்ததா என்று வலை சொல்லாது.

ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கும் வலை எல்லாக் கடலுக்கும் பின்னியதில்லை. அது சில அனுமானங்களில் பின்னியது. எண்கள் எல்லாம் மணி வடிவில் நடுவே குவிந்து இரண்டு பக்கமும் சமமாகச் சரியவேண்டும். ஒருவர் சொல்லும் பதிலுக்கும் அடுத்தவர் சொல்லும் பதிலுக்கும் தொடர்பிருக்கக் கூடாது. சாதி இருக்கும் நாட்டில் இந்த இரண்டில் எது உண்மை? கூலி மணி வடிவிலா இருக்கிறது? ஒரு தெருக்காரன் விதிக்கும் பக்கத்து வீட்டுக்காரன் விதிக்கும் தொடர்பில்லையா?

இந்த இடத்தில்தான் 'ரோபஸ்ட்' என்றொரு சொல் வருகிறது. 1953-இல் ஜார்ஜ் பாக்ஸ் என்ற ஆங்கிலேயர் புள்ளியியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். திடமானது, லேசில் ஆட்டம் காணாதது என்று பொருள். அனுமானம் கொஞ்சம் பொய்த்தாலும் விடை பொய்க்காத முறைக்கு அந்தப் பேர். நல்ல சொல். ஆனால் எதற்கு அசையாமல் இருப்பது, யாருக்கு அசையாமல் இருப்பது என்று நாம் கேட்கவேண்டும்.

*

நம் கடலிலிருந்தே தொடங்குவோம். மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடத்துமுன் வெள்ளைக்கார அரசு என்ன செய்தது தெரியுமா? பாரில் குளியாட்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்தது. அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, வியாபாரிகளை வைத்து விலை போட்டது. 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்' என்று கணக்குக் கட்டி, பாரில் எத்தனை சிப்பி கிடக்கும் என்ற மதிப்போடு பெருக்கி, சலாபத்துக்கு விளம்பரம் கொடுத்தது. மாதிரிக் கணக்கெடுப்பு என்ற சொல் பாடப்புத்தகத்துக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கரையில் நடந்த மாதிரிக் கணக்கெடுப்பு இது.

சலாபம் நடக்கும்போது இன்னொரு வேலையும் உண்டு. குளித்துக் கொண்டுவந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதைப் பிரித்தவன் சொல்லமுடியாது. அரசுத் தரப்பு கைகாட்டும். பிரிக்கிறவன் கள்ளம் செய்யாமலிருக்க அந்த ஏற்பாடு. பாருங்கள், தன் பங்கு முத்து என்றால் அரசுக்கு மாதிரியும் தெரிகிறது, சார்பும் தெரிகிறது, சார்பைத் தடுக்கும் வழியும் தெரிகிறது. நம் உயிரை எண்ணும்போது மட்டும் எல்லாம் மறந்துபோகிறது.

ஆனால் முத்துக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆயிரம் சிப்பியில் பெரும்பாலானதில் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் தூள்தான் இருக்கும். எங்கோ ஒரு சிப்பியில் ஒரு நல்ல ஆணிமுத்து. மொத்த மதிப்பில் பெரும்பங்கை அந்த ஒன்றே தூக்கிக்கொண்டு போகும். மாதிரியில் அது விழுந்தால் பார் முழுக்கப் பொன். விழாவிட்டால் பார் முழுக்கக் குப்பை. சராசரி என்பது அந்த ஒரு முத்தின் கையில் ஊசலாடும்.

வருடங்களிலும் அதே கதைதான். 1905-இல் இலங்கைக் கரையில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். வரவு சுமார் 25 லட்சம் ரூபாய். பார்த்தான் முதலாளி. 1906-இல் லண்டன் பணத்தில் ஒரு கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, 20 வருடத்துக்கு அந்தப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லை. அடுத்த சலாபம் 1925-இல்தான். கம்பெனி சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. ஒரு நல்ல வருடத்தைப் பார்த்து இருபது வருடத்துக்குக் கோடு போட்டவன் கதி அது. தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. முத்து போனாலும் பாடம் நமக்கு மிச்சமிருக்கிறது: ஒற்றைப் புள்ளி சராசரியைத் தூக்கி எறியும் இடத்தில் சராசரியை நம்பாதே.

*

இப்போது கடலைவிட்டு அளத்துக்குள் வாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு. அளத்தில் நிற்கிறவர்களில் ஒன்பது பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒரு நாள் வரும்படி என்ன என்று கேட்கிறோம் என்று வையுங்கள். எட்டுப் பேர் சொல்வது: 280, 300, 320, 320, 350, 350, 360, 400. ஒன்பதாவது ஆள் காண்டிராக்டர். அவர் சொல்வது 5,000. கூட்டி வகுத்தால் சராசரி 853 ரூபாய். வரப்பில் வெறுங்காலோடு நிற்கும் ஒருத்திகூட அந்த 853-ஐக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அறிக்கையில் அச்சாவது அதுதான். "உப்பளத்தில் நாள் வருமானம் 853!"

சரி, இடைவெளி போடு என்றால், புத்தகச் சூத்திரப்படி 95 சதவீத இடைவெளி என்ன வரும் தெரியுமா? கழித்தல் 342-இலிருந்து 2,049 வரை. கழித்தல் 342! உப்பு வாருகிறவள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முதலாளிக்கு 342 ரூபாய் கொடுத்துவிட்டுப் போவாளாம். மணி வடிவம் என்ற அனுமானத்தை அளத்தில் கொண்டுபோய் வைத்தால் வரும் விடை இது.

இப்போது திடமான வழியைப் பாருங்கள். சூத்திரம் வேண்டாம். ஒன்பது எண்ணையும் சிறிதிலிருந்து பெரிதுக்கு வரிசையாக எழுதுங்கள். அடியில் ஒன்று, மேலே ஒன்று அடித்துவிடுங்கள். மிஞ்சியதில் முதலும் கடைசியும்: 300, 400. நடுவில் நிற்கும் ஆளின் கூலி, அதாவது இடைநிலை, 300-க்கும் 400-க்கும் இடையில் இருக்கும் என்று 96 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். எப்படி? சீட்டில் வரும் ஒவ்வொருவரும் உண்மையான இடைநிலைக்கு மேலே இருப்பதோ கீழே இருப்பதோ காசு சுண்டுவது மாதிரிதான்: பூவா தலையா. இந்த இடைவெளி தப்பவேண்டுமானால் ஒன்பது சுண்டலில் எட்டாவது ஒரே பக்கம் விழவேண்டும். ஒன்பது சுண்டலுக்கு 512 விதம். அதில் அப்படி விழுவது 20 விதம். 100-க்கு 4 கூட இல்லை. காண்டிராக்டர் 5,000 சொன்னாலும் 50 லட்சம் சொன்னாலும் விடை அசையாது.

உப்பு வாரும் என் சித்தியிடம் இதைச் சொன்னேன். "ஏல, ஒம்பது பேருகிட்ட கேட்டா ஊரு தெரிஞ்சிருமா?" என்றாள்.

"சீட்டுப் போட்டு எடுத்தா தெரியும் சித்தி. கங்காணி கைகாட்டுற ஒம்பது பேருகிட்ட கேட்டா தெரியாது."

"அது சரி. எந்த மாசம் கேப்ப? சித்திரையில கேட்டா ஒரு கூலி. ஐப்பசி கார்த்திகையில மழ விழுந்தா கூலியே கெடையாதுல்ல?"

புத்தகத்தில் நான் தாமதமாகப் படித்ததை அவள் நின்ற இடத்திலேயே கேட்டாள். ஆளைச் சீட்டுப் போட்டால் போதாது, மாசத்தையும் போடவேண்டும். இதைத்தான் தோழர்களுக்குச் சொல்கிறேன்: கணக்கு நமக்கு அந்நியம் இல்லை. நம்மை அந்நியமாக்கி வைத்திருக்கிறார்கள்.

*

இதுவரை சொன்னதில் 'திடமான' முறை நம் பக்கம் நிற்கிறது. இனிமேல்தான் வம்பு. அந்த ஆய்வுக் கூட்டத்துக்காரர் என்னிடம் நீட்டியதும் இதே கத்தியைத்தான். "விலகின புள்ளி, எடுத்துடு." காண்டிராக்டரை நான் அடித்தால் அது நியாயம், சேரியை அவர் அடித்தால் அநியாயமா என்று கேட்கலாம். கேட்கவேண்டும்.

பதில் இது. இடைநிலையின் பெருமையே, பாதிக்குக் குறைவானவர்களுக்கு என்ன ஆனாலும் அது தடம் புரளாது என்பதுதான். தமிழ்நாட்டில் நாம் எத்தனை பேர்? 2011 கணக்குப்படி நூற்றுக்கு 20. அய்ந்தில் ஒரு பங்கு. ஊரையும் சேரியையும் ஒன்றாகக் கலந்து இடைநிலை எடுத்தால், அடியில் கிடக்கும் அந்த அய்ந்தில் ஒரு பங்கு இன்னும் எவ்வளவு அடிக்குப் போனாலும் விடை அசையாது. நம் கூலி பாதியானாலும் அசையாது. நம் கூலியே நின்றுபோனாலும் அசையாது. கணிதத்தில் இதற்குப் பேர் திடம். சேரியில் இதற்குப் பேர் வேறு. நாம் செத்தாலும் அசையாத ஒன்றை மூவாயிரம் வருடமாக நமக்குத் தெரியும்.

அதனால் நமக்கு முதல் விதி: எதையும் அடிப்பதற்குமுன் அந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது என்று அங்கே போய்க் கேள். காண்டிராக்டர் விலகி நிற்பது அவர் கூலிக்காரர் இல்லை என்பதால். அவரை அந்த வரிசையில் சேர்த்ததே தப்பு. சேரி விலகி நிற்பது அதை விலக்கி வைத்ததால். அதுதான் ஆய்வின் பொருளே. இரண்டையும் ஒரே அழிப்பானால் அழிக்கிறவன் விஞ்ஞானி இல்லை. இரண்டாம் விதி: கலக்காதே. ஊருக்கு ஓர் அட்டவணை, சேரிக்கு ஓர் அட்டவணை. சேரிக்குள் எடுக்கும் இடைநிலை சேரியைப் பேசும். சேர்த்து எடுத்தது ஊரைத்தான் பேசும்.

விலகின புள்ளியைச் சமூகம் எப்படி 'எடுக்கும்' என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் ஓட்டுவீடும் காரைவீடும் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிமிர்ந்து நின்ற தலித் கிராமம். சராசரிச் சேரிக்கு மேலே விலகி நின்ற புள்ளி அது. போலீஸ் படை பட்டப்பகலில் உள்ளே புகுந்தது. வீட்டை உடைத்தார்கள், பண்டபாத்திரங்களை உடைத்தார்கள். படிப்புச் சான்றிதழைக் கிழித்தார்கள், கிணற்று நீரையும் கெடுத்தார்கள் என்று மக்கள் சாட்சி சொன்னார்கள். மேலே போன புள்ளியை லத்தியால் அடித்துச் சராசரிக்கு இறக்குவது அன்றைக்கு நடந்தது. காகிதத்தில் "எடுத்துடு" என்பவருக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

*

இரண்டாவது அனுமானத்துக்கு வருவோம். ஒருவர் பதிலுக்கும் மற்றவர் பதிலுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானம். இதில் நம் பக்கத்துத் தவறும் உண்டு. ஒளிக்காமல் பேசுவோம்.

ஒரு சேரியில் 200 பேரிடம் கேட்கிறோம்: "டீக்கடையில் தனி டம்ளரா?" 200 பேரும் ஆமாம் என்கிறார்கள். உடனே நாம் "200 பேர் சாட்சி" என்று துண்டறிக்கை போடுகிறோம். அந்த ஊரில் டீக்கடை ஒன்றுதான். 200 பேரும் சொல்வது ஒரே கடையைப் பற்றி. உண்மை 200 இல்லை, ஒன்று. மாவட்டத்தைப் பற்றிப் பேசவேண்டுமானால் எண்ணவேண்டியது கடைகளை. ஒரே கிணறு, ஒரே சுடுகாட்டுப் பாதை, ஒரே கங்காணி என்று கொத்தாக வாழவைக்கப்பட்ட மக்கள் நாம். நம் பதில்களும் கொத்தாகத்தான் வரும்.

இதைக் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. இருபது தெரு, தெருவுக்கு இருபது பேர், மொத்தம் 400 பேர் என்று வையுங்கள். ஒரே தெருக்காரர் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு 0.2 என்று வையுங்கள். இருபதில் ஒன்று கழித்து 19, அதை 0.2-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் 4.8. 400-ஐ 4.8-ஆல் வகுத்தால் 83. நீங்கள் கேட்டது 400 பேரிடம். உங்கள் கையில் இருப்பதோ 83 பேர் பெறுமானமுள்ள சேதி. இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் விரியும்.

"நம்ம நம்பரை நாமே ஏன் பலவீனப்படுத்தணும்?" என்று ஒரு தோழர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நாம் விரிக்காவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் விரிப்பான் தோழர். அவன் விரித்தால் நாம் பொய்யர்கள். நாமே விரித்துச் சொன்னால், அந்த இடைவெளியின் கீழ் எல்லைக்கே அவன் பதில் சொல்லியாக வேண்டும். பத்தில் ஆறு கடையில் தனி டம்ளர் என்பது நம் கணிப்பாக இருக்கட்டும். இடைவெளி நான்கிலிருந்து எட்டு வரை விரியட்டும். குறைந்தது நான்கு! அந்த நான்குக்கு இந்த நாடு தலைகுனிய வேண்டாமா? மிகைப்படுத்த வேண்டிய தேவை நமக்கு என்றைக்குமே இருந்ததில்லை. நடந்ததை அப்படியே சொன்னாலே போதும்.

*

கடைசியாக, எந்தச் சூத்திரமும் எட்டாத இடம்.

வங்காளத்தில் 1930-களின் பிற்பகுதியில் சணல் பயிரைக் கணக்கெடுத்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஓர் எளிய வழி வைத்திருந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்புவது. இரண்டும் தனித்தனி மாதிரி எடுக்கும். இரண்டு விடைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் தவறின் அளவு. மணி வடிவம் வேண்டாம், பெரிய சூத்திரம் வேண்டாம். ஆளின் சோம்பலும் தப்பும்கூட அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இந்த முறை புகுந்தது. இந்த மண்ணில் பிறந்த திடமான வழி இது. பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. இரண்டு குழுவும் சேரிக்குள் போகாவிட்டால்?

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஏதோ ஒரு கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். தெருமுனை உடைமரத்து நிழலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. வழியில் போன ஒருவரைக் கூப்பிட்டு முழுத்தெருவையும் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார். சொம்பில் கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கவில்லை. அவருக்குப் பதில் இன்னொருவர் வந்திருந்தாலும் அதே மரத்தடியில்தான் நின்றிருப்பார். இரண்டு பேர் எழுதியதும் அச்சடித்தாற்போல் ஒத்துப்போகும். வித்தியாசம் பூஜ்யம். இடைவெளி பூஜ்யம். நம்பிக்கை நூற்றுக்கு நூறு. எழுதியது முழுக்கப் பொய்.

இதுதான் நான் சொல்லவந்த விஷயமே. எந்த இடைவெளியும், எவ்வளவு திடமானதானாலும், உள்ளே விடப்பட்ட வேறுபாட்டைத்தான் அளக்கும். வெளியே நிறுத்தப்பட்டதை அளக்காது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கடக்காதவன் போடும் நம்பிக்கை இடைவெளி, அவன் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டுமே.

காவல் நிலையக் கணக்கும் இந்த ரகம்தான். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இத்தனை வழக்கு என்று ஆண்டுதோறும் எண் வருகிறது. அது கொடுமையின் எண்ணிக்கை இல்லை; எழுதிக்கொள்ளப்பட்ட புகாரின் எண்ணிக்கை. புகாரை வாங்காமல் விரட்டும் நிலையம் உள்ள ஊரில் கொடுமை குறைந்ததாகப் புள்ளிவிவரம் சொல்லும்.

நம் தலைகளை எண்ணுவதே அரசியல் என்று அண்ணல் அம்பேத்கர் நேரில் கண்டார். 1932-இல் லோதியன் தலைமையிலான வாக்குரிமைக் குழுவில் அவர் உறுப்பினர். வாக்கும் பிரதிநிதித்துவமும் எண்ணிக்கைப்படி என்றதும், சில மாகாணங்களில் சாதி இந்துக்கள் தங்களிடம் தீண்டத்தகாதவர்களே அதிகம் இல்லை என்று கணக்கைச் சுருக்கினார்கள். தொடக்கூடாது என்றபோது கோடிக்கணக்கில் இருந்தவர்கள், பங்கு என்றதும் காணாமல் போனார்கள். ஒரே மக்களுக்கு ஆளுக்கோர் எண். அந்த வித்தியாசம் மாதிரியின் தவறால் வந்ததில்லை.

எல்லாத் தலையையும் எண்ணினால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். 1931-க்குப் பிறகு எல்லாச் சாதியையும் எண்ணிய முழுக் கணக்கு அச்சில் வரவில்லை. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி அட்டவணைகள் வெளியாகவில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் முழுக் கணக்கிலும் ஆள் விடுபடும். 2011 கணக்கெடுப்பை அரசே சரிபார்த்தபோது ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. அந்த 23 பேர் எந்தத் தெரு? உடைமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

தோழர்களே, மாணவ நண்பர்களே, அடுத்து செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். கணக்கெடுப்பாளர் வரும் நாளில் தெருமுனையில் நின்று அவரை வீடு வீடாகக் கூட்டிப்போங்கள். நாமும் எடுப்போம். மகலனோபிஸ் இரண்டு குழு அனுப்பினார். நாம் மூன்றாவது குழு. அந்த மூன்றாவது குழு சேரியிலிருந்து புறப்படவேண்டும், அதில் உப்பு வாரும் பெண்கள் இருக்கவேண்டும். சீட்டுக் குலுக்குங்கள். மாசத்தையும் குலுக்குங்கள். ஊரையும் சேரியையும் கலக்காதீர்கள். கொத்தைக் கொத்தாக எண்ணுங்கள். எந்த எண்ணையும் எல்லையில்லாமல் அச்சிடாதீர்கள். அரசும் ஆய்வாளரும் எல்லையில்லாமல் நீட்டும் எண்ணையும் வாங்காதீர்கள். "எங்கே போய் நின்னு கேட்டீங்க?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

அந்த ஆய்வுக் கூட்டத்துக்காரருக்கு: ஐயா, சேரிப் புள்ளியை நான் எடுக்கவில்லை. என் இடைவெளி அகலமாகவே இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை. நாங்கள் வாழும் இடமும் அழகாக இல்லை. ஒருநாள் வாருங்கள், உடைமரத்தைத் தாண்டி.